1862 ரூபாயில் புள்ளிகள்: கைமாறிப் போன நாணயத்தை எப்படி மதிப்பிடுவது?

நீங்கள் கேட்டதைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். உங்களிடம் ஆறு 1862 விக்டோரியா ரூபாய்கள் இருந்தன. ஒரே நாணயம்தானே ஆறு இருக்கிறது என்று எண்ணி, ஆறையும் இன்னொரு சேகரிப்பாளரிடம் கொடுத்து ஒரு 1911 ஐந்தாம் ஜார்ஜ் ரூபாய் வாங்கிக்கொண்டீர்கள். சில மாதம் கழித்துப் பழைய போட்டோவைப் பெரிதாக்கிப் பார்த்தபோது ஒன்றில் ஆண்டுக்குக் கீழே புள்ளிகள் தெரிந்தன. அது அரிய வகை என்று ஒருவர் சொல்லியிருக்கிறார். எவ்வளவு இழந்தேன், திரும்பக் கேட்க உரிமை உண்டா என்பது உங்கள் கேள்வி. இதற்குள் மூன்று கேள்விகள் இருக்கின்றன: அந்தப் புள்ளிகள் உண்மையானவையா, உண்மை என்றால் எவ்வளவு அரிது, வாங்கியவர் செய்தது தவறா. பெரும்பாலோர் மூன்றாவதிலிருந்து தொடங்கிவிடுகிறார்கள். முதல் கேள்விக்கு விடை தெரியாமல் அடுத்தவரைக் குற்றம் சொல்லிப் பழக்கம் கெட்டுப்போவதுதான் இந்த வட்டாரத்தில் அதிகம் நடக்கிறது. அதனால் முதலிலிருந்தே போவோம்.

1862 என்று பொறித்த ரூபாய் எல்லாம் 1862-இல் அடித்தவை அல்ல. அடிப்படை இதுதான். 1858-இல் கம்பெனி ஆட்சி முடிந்து அரசியின் ஆட்சி வந்தபின், 1862-இல் புதிய வடிவம் வந்தது: முன்பக்கம் கிரீடம் அணிந்த விக்டோரியா, ‘விக்டோரியா குயின்’ என்ற எழுத்து, பின்பக்கம் பூங்கொடி வேலைப்பாட்டுக்கு நடுவே ‘ஒன் ருபீ இந்தியா 1862’. அதன்பின் 1874 வாக்கில் அடிக்கும் ஆண்டையே பொறிக்கத் தொடங்கும் வரை, இடைப்பட்ட பன்னிரண்டு ஆண்டும் ரூபாயில் 1862 என்றே போட்டார்கள். இதற்கு முன் 1840 ரூபாயிலும் இதே வழக்கம்தான். பழைய ஆண்டு நாணயத்துக்கு வட்டம் (கழிவு) பிடித்துக்கொள்ளும் ஷராப்புகளின், அதாவது நாணயம் மாற்றித் தரும் வணிகர்களின், பழக்கத்தை ஒழிக்கவே ஆண்டை மாற்றாமல் வைத்தார்கள் என்பது பொதுவாகச் சொல்லப்படும் காரணம். அதற்கும் முந்தைய, ஆட்சியின் 19-ஆம் ஆண்டு என்றே மாறாமல் பொறித்த வங்காளத்து சிக்கா ரூபாயின் வரலாற்றைப் பார்த்தால் அது பொருந்தவே செய்கிறது.

ஆண்டு மாறாவிட்டாலும் எந்தத் தொகுதி என்று அடையாளம் வைக்க பம்பாய் மிண்ட் (நாணயம் அடிக்கும் சாலை) ஒரு வழி கண்டது. பின்பக்க அச்சில் சின்னஞ்சிறு புள்ளிகளைப் பதித்தது. இவை இரண்டு இடங்களில் வரும்: ‘ஒன்’ என்ற சொல்லுக்கு மேலே, ஆண்டுக்குக் கீழே. மேலே எத்தனை, கீழே எத்தனை என்று எண்ணிச் சேகரிப்பாளர்கள் 0/0, 0/2, 2/0 என்று குறிப்பார்கள். முதல் எண் மேல், இரண்டாவது கீழ். சிலர் மாற்றியும் எழுதிவிடுகிறார்கள். அதனால் எங்கே எழுதினாலும் ‘மேலே ஒன்றுமில்லை, கீழே மூன்று’ என்று சொல்லாகவே எழுதுவது நல்லது. கல்கத்தா ரூபாயில் இந்தப் புள்ளி முறை கிடையாது. ஆகவே புள்ளி இல்லாத ஒன்று பம்பாயினுடையதாகவும் இருக்கலாம், வேறு மிண்ட்டினுடையதாகவும் இருக்கலாம். உண்மையான புள்ளி உள்ள ஒன்று பம்பாயினுடையது. இதுவரை சொன்னதில் சந்தேகம் இல்லை. ஆனால் புள்ளிகளை எண்ணி 1862-உடன் கூட்டி ‘இது இந்த ஆண்டு அடித்தது’ என்று அடித்துச் சொல்வதை நம்ப வேண்டாம். மேல், கீழ் சேர்க்கைகள் பல. அவ்வளவு எளிய கூட்டல் அதில் வேலை செய்யாது.

இனி உங்கள் போட்டோவில் தெரிவது அந்தப் புள்ளிதானா என்பது. மிண்ட் புள்ளி, அச்சில் குழியாகப் பதித்தது. நாணயத்தில் புடைப்பாக வரும். உருண்டையாக, ஓரம் தெளிவாக, ஒன்றுக்கு மேல் இருந்தால் எல்லாம் ஏறக்குறைய ஒரே அளவில், ஆண்டு எண்ணைப் பொறுத்து ஓர் ஒழுங்கான இடத்தில் இருக்கும். இதைப் போலவே தோற்றம் தந்து ஏமாற்றுபவை நான்கைந்து உண்டு. அச்சின் ஓரம் சிதறிப் போனால் அந்தச் சிதறலும் புடைப்பாகவே விழும், ஆனால் வடிவம் ஒழுங்கில்லாமல் எழுத்தின் மூலையையோ கொடியின் இலையையோ ஒட்டியபடி இருக்கும். அச்சில் துரு ஏறியிருந்தால் பரு பருவாகச் சிதறித் தெரியும், எண்ண வராது. வார்த்தெடுத்த போலியில் காற்றுக்குமிழிகள் இதே போல் புடைத்து நிற்கும், அவை புள்ளிக்கான இடத்தில் மட்டும் இல்லாமல் வெற்றிடம் முழுக்க இருக்கும். கறுப்புப் படிந்த பொட்டுக்கு உயரமே இருக்காது. மேலே சொன்ன எதுவும் இல்லாமல் குழியாக இருந்தால் அது அடிபட்டது, அல்லது வெள்ளியைச் சோதிக்க ஷராப் அடித்த முத்திரை.

கையில் நாணயம் இல்லாமல் போட்டோ மட்டும் இருக்கும்போது புடைப்பா குழியா என்பதை நிழலை வைத்துத் தீர்மானிக்கலாம். பக்கத்தில் இருக்கும் ‘1862’ எண்கள் நிச்சயம் புடைப்பு. அவற்றின் எந்தப் பக்கம் வெளிச்சம், எந்தப் பக்கம் நிழல் என்று முதலில் பாருங்கள். வெளிச்சம் இடது மேலிருந்து வந்திருந்தால் எண்களின் இடது ஓரம் மின்னும், வலது ஓரம் இருளும். புள்ளியிலும் அதே பக்கம் மின்னி அதே பக்கம் இருண்டால் அது புடைப்பு. மாறியிருந்தால் குழி. நேராக ஃப்ளாஷ் அடித்து எடுத்த படத்தில் இந்தச் சோதனை பலிக்காது, ஏனென்றால் நிழலே விழுந்திருக்காது. வாட்ஸாப்பில் போய்வந்த படத்திலும் செய்யாதீர்கள். அது படத்தைச் சுருக்கும்போது, சிறு புள்ளி இருக்கும் இடத்தில் சதுரம் சதுரமாகக் குழப்பம் விழுந்து, இல்லாத புள்ளியும் இருப்பது போலத் தோன்றும். போனில் எடுத்த மூலப்படம் இருந்தால் அதையே திறந்து பாருங்கள். ஒரே நாணயத்துக்கு இரண்டு படம் இருந்து இரண்டிலும் புள்ளி அதே இடத்தில் தெரிந்தால் சந்தேகம் பாதி தீர்ந்தது.

நம் ஊரில் இன்னொரு சிக்கலும் உண்டு. இந்த ரூபாய்களில் நிறையக் காசுமாலையாகவோ பதக்கமாகவோ இருந்து வந்தவை. விளிம்பில் கண்ணி பற்றவைத்திருப்பார்கள். பிற்பாடு விற்கும்போது அதை அறுத்து எடுத்து, தடயம் தெரியாமல் அராவி மெருகு போட்டுவிடுவார்கள். அந்த இடத்துக்கு உள்ளே பார்த்தால் பற்று உருகிச் சொட்டிய மணிகள் சில சமயம் உறைந்து நிற்கும். அவை புள்ளி போலவே இருக்கும், ஆனால் நிறம் சுற்றியுள்ள வெள்ளியோடு சேராது, லேசான மஞ்சளோ மங்கலோ தெரியும். இதற்கு நேரெதிரானதும் நடக்கும். அரம் பட்டு உண்மையான புள்ளியே தேய்ந்துபோய், 1/2 ஆக இருந்தது 0/2 ஆகிவிடும். விளிம்பில் பற்றவைத்த அடையாளம் உள்ள நாணயத்துக்குப் புள்ளிக் கணக்கை உறுதியாகச் சொல்லக் கூடாது.

புள்ளியோடு சேர்த்துப் பார்க்க வேண்டியவை இன்னும் இரண்டு. முன்பக்கம் அரசியின் ஆடையில் மார்புக்கு நேரே இறங்கும் பூவேலைப் பட்டை கட்டம் கட்டமாக இருக்கும். அந்தக் கட்டங்கள் எத்தனை, அடியில் எப்படி முடிகின்றன என்பதை வைத்து உருவத்தை ஏ, பி என்று பிரிக்கிறார்கள். பின்பக்கம் உச்சியில் இருக்கும் பூவின் இதழ் விரிந்திருக்கிறதா, மூடிச் சுருங்கியிருக்கிறதா என்பதை வைத்து ஒன்று, இரண்டு என்று பிரிக்கிறார்கள். ஆக ஒரு 1862 ரூபாயின் முழு அடையாளம் என்பது ‘உருவம், பூ, மேல்புள்ளி, கீழ்ப்புள்ளி’ நான்கும் சேர்ந்தது. ‘புள்ளி இருக்கிறது’ என்பது மட்டும் அடையாளம் ஆகாது. உங்களிடம் அரிய வகை என்று சொன்னவர் எந்தச் சேர்க்கையைச் சொன்னார் என்று கேளுங்கள். அவர் நான்கையும் சொல்லாவிட்டால், அவருக்கும் பொதுவாகக் கேள்விப்பட்டதுதான்.

அடுத்தது, எவ்வளவு அரிது. இந்த ரூபாய் கோடிக்கணக்கில் அடிக்கப்பட்டது. புள்ளி உள்ளவற்றிலும் அடிக்கடி கிடைப்பவை உண்டு, பல ஏலப் பட்டியல்களைப் புரட்டினாலும் கண்ணில் படாதவை உண்டு. ‘புள்ளி இருந்தால் அரிது’ என்று ஒரே வாயாகச் சொல்வது தவறு. இன்னொன்றும் இருக்கிறது, பலர் இதைக் கவனிப்பதில்லை. அரிதாக இருப்பதும் விலை போவதும் வேறு வேறு விஷயம். ஒரு புள்ளிச் சேர்க்கை மிகக் குறைவாகவே கிடைத்தாலும், அதைத் தேடுகிறவர் நாடு முழுக்கச் சிலரே என்றால் விலை பெரிதாக ஏறாது. அந்தச் சிலரில் இருவர் ஒரே ஏலத்தில் மோதினால் அன்று மட்டும் எகிறும். அதனால் விலையைத் தெரிந்துகொள்ள ஏலத்தில் உண்மையில் விற்றுப் போன தொகைகளைப் பாருங்கள். அதே நான்கு அடையாளமும், அதே அளவு தேய்மானமும் உள்ளவை குறைந்தது மூன்று கிடைத்தால்தான் ஒரு மதிப்பு சொல்லலாம். விற்பனைத் தளங்களில் ஒருவர் கேட்கும் விலை அவருடைய ஆசை, அதைச் சந்தை விலையாக எடுக்கக் கூடாது. தேய்மானம் இங்கே ரொம்ப முக்கியம். வழவழவென்று தேய்ந்து புள்ளி மட்டும் மிஞ்சிய நாணயத்துக்கும், ஆடையின் பூவேலை கலையாத நாணயத்துக்கும் வகை ஒன்றாக இருந்தாலும் விலையில் மலைக்கும் மடுவுக்குமான வித்தியாசம்.

உங்கள் இழப்பைக் கணக்கிடப் புள்ளியை ஒரு பக்கம் வைத்துவிட்டு முதலில் வெள்ளியைக் கணக்கிடுங்கள். இந்த ரூபாயின் எடை 11.66 கிராம், பன்னிரண்டில் பதினொரு பங்கு, அதாவது 91.7 சதவீதம் வெள்ளி. சுத்த வெள்ளி 10.69 கிராம். ஆறு ரூபாய்க்குச் சுமார் 64 கிராம். 1911 ரூபாயிலும் அதே எடை, அதே தரம்தான், 10.69 கிராம். ஆக வெள்ளியாகவே பார்த்தால் நீங்கள் ஏறக்குறைய 53 கிராம் சுத்த வெள்ளி கூடுதலாகக் கொடுத்திருக்கிறீர்கள். தேய்ந்தவை என்றால் கொஞ்சம் குறையும். அன்றைய வெள்ளி விலையால் இதைப் பெருக்கிப் பாருங்கள். சாதாரண 1862 ரூபாயைவிட 1911 ரூபாய்க்குச் சேகரிப்பாளர் கூடுதலாகத் தரும் தொகை இந்த வித்தியாசத்தை ஈடுகட்டுகிறதா என்று பாருங்கள். புள்ளி விஷயம் வெளிப்படுவதற்கு முன்பே இந்தப் பேரம் உங்களுக்குச் சாதகமா பாதகமா என்பது இதில் தெரிந்துவிடும். பல பரிமாற்றங்களில் உண்மையான இழப்பு இங்கேதான் இருக்கும். அதை யாரும் கணக்குப் பார்ப்பதில்லை.

அதோடு, வாங்கிய 1911 ரூபாய் உண்மையானதா என்பதையும் உறுதி செய்துகொள்ளுங்கள். இதைக் கேட்டவுடன் மனம் சங்கடப்படலாம், ஆனாலும் இப்போதே பார்ப்பது நல்லது. அந்த ஆண்டு ரூபாயில் மன்னரின் அங்கியில் தொங்கும் பதக்க மாலையில் ஒரு யானை இருக்கிறது. துதிக்கையும் கால்களும் குட்டையாக விழுந்ததால் அது பன்றி போலத் தெரிந்தது. எதிர்ப்பு கிளம்பவே நாணயத்தைத் திரும்பப் பெற்று உருக்கினார்கள், 1912-இல் யானையைத் தெளிவாக மாற்றி வரைந்தார்கள். ‘பன்றி ரூபாய்’ என்ற பெயர் அப்படி வந்தது. அடித்தது தொண்ணூறு லட்சத்துக்கும் மேல், புழக்கத்துக்குப் போனது ஏழு லட்சம் அளவே என்பது சேகரிப்பாளர்களிடையே வழங்கும் கணக்கு. இதில் உங்களுக்கு உதவும் சங்கதி ஒன்றுண்டு: 1911 ஆண்டு போட்டு யானை மட்டும் நீண்ட துதிக்கையோடு தெளிவாக இருந்தால், அது 1912-இன் கடைசி எண்ணைத் திருத்தியதோ வார்த்ததோதான். 0.01 கிராம் வரை காட்டும் தராசில் எடை பாருங்கள். 11.5 முதல் 11.7 வரை இருந்தால் சரி. மிகவும் தேய்ந்தது இன்னும் கொஞ்சம் இறங்கும். அடர்த்தியும் பார்க்கலாம்: தராசில் ஒரு கிண்ணம் தண்ணீரை வைத்துச் சுழியாக்கி, நாணயத்தை நூலில் கட்டி, அடியையும் பக்கத்தையும் தொடாமல் முழுக்க மூழ்கும்படி தொங்கவிடுங்கள். தராசு சுமார் 1.13 கிராம் காட்ட வேண்டும். அதாவது அடர்த்தி 10.3. ஈயம், பித்தளை கலந்த போலிகளில் பெரும்பாலானவை இதில் மாட்டிக்கொள்ளும். நல்ல வெள்ளியிலேயே அடித்த போலி மாட்டாது. அதற்கு எழுத்தின் ஓரத்தையும் விளிம்பின் கோடுகளையும் லென்ஸில் பார்த்தே ஆக வேண்டும்.

இனி உரிமை. நான் வழக்கறிஞர் அல்ல. சட்டத்தில் தெளிவாக எழுதியிருப்பதை மட்டும் சொல்கிறேன். 1872 இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 20-ஆம் பிரிவு, ஒப்பந்தத்துக்கு அடிப்படையான ஓர் உண்மையில் இரு தரப்பும் தவறாக நினைத்திருந்தால் ஒப்பந்தம் செல்லாது என்கிறது. ஆனால் அதே பிரிவின் விளக்கம், பொருளின் மதிப்பைப் பற்றித் தவறாக எண்ணியிருந்தது அத்தகைய தவறு ஆகாது என்கிறது. 22-ஆம் பிரிவின்படி ஒருவர் மட்டும் தவறாக நினைத்திருந்தார் என்ற காரணத்தால் மட்டும் ஒப்பந்தத்தை ரத்து செய்ய முடியாது. 17-ஆம் பிரிவின் விளக்கமோ, சொல்ல வேண்டிய கடமை இல்லாத இடத்தில் வெறுமனே பேசாமல் இருந்தது மோசடி ஆகாது என்கிறது. சேர்த்துப் பார்த்தால், நீங்கள் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை என்றால் சட்டப்படி உங்கள் கை ஓங்குவது கடினம். நீங்கள் ‘இதில் விசேஷமான வகை ஏதாவது இருக்கிறதா’ என்று கேட்டு, அவர் தெரிந்தே ‘எல்லாம் சாதாரணம்’ என்று சொல்லியிருந்தால் கதை வேறு. அது தெரிந்தே பொய் சொன்னது, 17, 19-ஆம் பிரிவுகள் பேசுவது. அப்போதும் அவருக்குத் தெரிந்திருந்தது என்பதையும், இப்போது அவரிடம் இருப்பது அதே நாணயம்தான் என்பதையும் நீங்கள்தான் காட்ட வேண்டும். பழைய உரையாடலை அழித்துவிடாதீர்கள். நாணயத்தை அடையாளம் காட்டப் புள்ளி போதாது, கன்னத்தில் இருக்கும் கீறல், விளிம்பில் பட்ட அடி, ஷராப் முத்திரை இவைதான் கைரேகை. தொகை பெரிதாக இருந்தால் வழக்கறிஞரைப் பாருங்கள். சிறிதாக இருந்தால் அந்தச் செலவுக்கு வேறொரு புள்ளி ரூபாயையே வாங்கிவிடலாம்.

நடைமுறையில் நல்ல பலன் தருவது நேராகக் கேட்பதுதான். அவருக்கும் தெரியாமலே இருக்கலாம். ஆறையும் மொத்தமாக வாங்கிப் பெட்டியில் போட்டவர் லென்ஸ் வைத்துப் பார்க்காமலே இருப்பது சாதாரணம். ‘அண்ணா, நாம் மாற்றிக்கொண்ட 1862 ரூபாய்களில் ஒன்றில் புள்ளி இருந்ததாகப் பழைய படத்தில் தெரிகிறது. நான் அப்போது கவனிக்கவில்லை. இன்னும் உங்களிடம் இருந்தால் பின்பக்கம் ஒரு படம் அனுப்புங்கள். அந்த வகைதான் என்றால் சந்தை விலை கொடுத்தோ வேறு நாணயம் கொடுத்தோ திரும்ப வாங்கிக்கொள்ள ஆசை’ என்று உள்ளதை உள்ளபடி எழுதுங்கள். புள்ளி விஷயத்தை மறைத்து ‘சும்மா அந்த ஆறும் திரும்ப வேண்டும்’ என்று கேட்பது, உங்களுக்கு நேர்ந்ததாக நீங்கள் நினைப்பதையே அவருக்குச் செய்வதாகும். அவர் மறுத்தால், விற்கும்போது முதலில் எனக்குச் சொல்லுங்கள் என்று கேட்டுவைக்கலாம். ஏற்கெனவே வேறு கைக்குப் போயிருந்தால் விட்டுவிட வேண்டியதுதான். குழுவில் பெயர் போட்டு எழுதாதீர்கள். தவறு நிரூபணம் ஆகாமல் ஒருவர் பெயரைக் கெடுத்தால் பிறகு உங்களோடு மாற்றிக்கொள்ள யாரும் வரமாட்டார்கள். என் கருத்தில், தெரிந்தவர் தெரியாதவரிடம் வாங்கும்போது சொல்லிவிட்டு வாங்குவதுதான் முறை. சட்டம் கட்டாயப்படுத்தாவிட்டாலும், திரும்பத் திரும்பச் சந்திக்கப் போகும் சிறிய வட்டத்தில் நம்பிக்கை போனால் திரும்ப வராது.

இனிமேல் இது நேராமலிருக்கச் செய்ய வேண்டியது பெரிய வேலை ஒன்றும் அல்ல. ஒரே மாதிரி இரண்டு இருக்கிறது என்று எதையும் ஒதுக்குவதற்கு முன் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸில் பாருங்கள். மேசை விளக்கைத் தாழ்த்தி, வெளிச்சம் நாணயத்தின் மேல் பக்கவாட்டில் வழுக்கிப் போகும்படி வையுங்கள். நாணயத்தை மெல்லச் சுற்றினால், மேலிருந்து பார்க்கும்போது தட்டையாக இருந்த இடத்தில் புள்ளி சட்டென்று எழுந்து நிற்கும். அழுக்கு அடைத்திருந்தால் சுத்த அசிட்டோனில், கண்ணாடிக் கிண்ணத்தில், ஐந்து பத்து நிமிடம் ஊறவிட்டு, புது அசிட்டோனில் ஒருமுறை அலசி, தேய்க்காமல் மென்துணியில் ஒற்றி எடுங்கள். ஜன்னல் திறந்திருக்கட்டும், அருகில் நெருப்பு வேண்டாம். நகப்பூச்சு நீக்கும் திரவம் வேறு பொருள்கள் கலந்தது, அது கூடாது. குத்துவிளக்குக்குப் போடுவது போல விபூதி, புளி, பற்பசை எதுவும் போட்டுத் தேய்க்காதீர்கள். மின்னும், ஆனால் மேல்தோல் போய்விடும். தேய்த்த நாணயத்தைச் சேகரிப்பாளர் பார்த்தவுடன் கண்டுகொள்வார், விலை அங்கேயே இறங்கும். புள்ளியின் ஓரமும் மழுங்கும்.

மாற்றிக்கொள்ளும் அன்று, கொடுப்பதை முன், பின், விளிம்பு என்று மூன்று படம், எடையோடு குறித்துக்கொள்ளுங்கள். ஒவ்வொன்றுக்கும் ஓர் எண் போடுங்கள். இரு தரப்பும் ‘பதினைந்து நாளுக்குள் யார் வேண்டுமானாலும் காரணம் சொல்லாமல் திருப்பிக் கொள்ளலாம்’ என்று ஒரு வரி எழுத்தில் ஒத்துக்கொண்டால் அதற்குப் பின் வரும் மனஸ்தாபத்தில் பெரும்பகுதி வராது. மொத்தமாகக் கொடுக்கும்போது இது இன்னும் அவசியம்.

இதே கவனம் தேவைப்படும் நாணயங்கள் வேறும் உண்டு. 1835 வில்லியம் ரூபாயில் மன்னரின் கழுத்து வெட்டுப் பகுதியில் (தலையுருவம் கழுத்தில் முடியும் இடத்தில்) எழுத்து இல்லாதது, ஃபோர்ப்ஸைக் குறிக்கும் ‘எஃப்’ உள்ளது, சாண்டர்ஸைக் குறிக்கும் ‘ஆர்எஸ்’ உள்ளது என்று பிரிவுகள். இருவரும் கல்கத்தா மிண்ட் அதிகாரிகள். எழுத்து புடைப்பா குழிவா என்பதும் கணக்கு. 1840 ரூபாயில் ‘விக்டோரியா குயின்’ தலைக்கு மேல் தொடர்ந்து ஓடுகிறதா, தலையின் இருபுறமும் பிரிந்து நிற்கிறதா என்பது முதல் பிரிவு. பின்பக்க மாலையில் பழங்களின் எண்ணிக்கை அடுத்தது. 1906 கால் அணா செம்பிலும் வெண்கலத்திலும் உண்டு, தராசில் வைத்தால் போதும்: செம்பு சுமார் 6.5 கிராம், வெண்கலம் சுமார் 4.9. நடுவில் ஓட்டை உள்ள 1943 ஒரு பைசாவில் கிரீடத்தின் வடிவமே மாறும். குடியரசு நாணயங்களில் ஆண்டுக்குக் கீழே வைரம் என்றால் மும்பை, நட்சத்திரம் என்றால் ஹைதராபாத், புள்ளி என்றால் நொய்டா, ஒன்றும் இல்லாதது கொல்கத்தா.

கடைசியாக இரண்டு எச்சரிக்கை. அந்த நாணயம் திரும்பக் கிடைத்தால் தரச்சான்றுக்காக வெளிநாட்டுக்குத் தபாலில் அனுப்பிவிடாதீர்கள். நூறாண்டு கடந்த நாணயம் 1972 தொல்பொருள் சட்டத்தின்படி தொல்பொருள், தனியார் நாட்டை விட்டு வெளியே அனுப்பத் தடை உண்டு. உங்கள் 1862-உம் 1911-உம் இரண்டுமே அதற்குள் வரும். இன்னொன்று, ‘புள்ளி ரூபாய் லட்சக்கணக்கில் வாங்குகிறோம், முதலில் பதிவுக் கட்டணம் கட்டுங்கள்’ என்று அழைப்பு வந்தால் எடுக்காதீர்கள். பழைய நோட்டு, நாணயம் பெயரில் கமிஷன், வரி என்று பணம் பறிப்பவர்களைப் பற்றி ரிசர்வ் வங்கியே 2021 ஆகஸ்டில் எச்சரித்தது. இப்போதைக்கு மூலப்படத்தைச் சுருக்காமல் பதிவேற்றுங்கள். ஆண்டுக்குக் கீழ்ப் பகுதியும் உச்சிப் பூவும் தனித்தனியாகத் தெரிந்தால் எத்தனை புள்ளி என்றும், பூ எந்த வகை என்றும் பார்த்துச் சொல்லலாம். முன்பக்கப் படமும் இருந்தால் ஆடைப் பட்டையையும் சேர்த்துப் பார்த்துவிடலாம்.